நாற்பது பேருக்கு வராத முகவரி

(அலுவலகங்களில் சர்வர் பார்க்கும் இளைஞர்களும் கணினி படிக்கும் மாணவர்களும் வந்திருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு திங்கட்கிழமை காலையிலிருந்து தொடங்குகிறேன். அப்போது நான் ஒரு தனியார் நிறுவனத்தில் மெயில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுவனத்தின் பெயர் மாறியிருந்தது. புதுப் பெயரில் டொமைனும் வாங்கியாகிவிட்டது. சனிக்கிழமை இரவு உட்கார்ந்து, எல்லோருக்கும் புது டொமைனில் மெயில் ஐடி கிடைக்கும்படி சர்வரில் விதியை மாற்றினேன். ஞாயிறு மத்தியானம் பத்துப் பேர் கணக்கைத் திறந்து பார்த்தேன். பத்துப் பேருக்கும் வந்திருந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு முதல் போன் வந்தது. பதினொரு மணி வரை ரிசீவரைக் கீழே வைக்க முடியவில்லை. கணக்கெடுத்துப் பார்த்தால் நாற்பது பேருக்கு மேல் புது முகவரி வரவேயில்லை. கணக்குப் பிரிவில் மூத்தவர் ஒருவர் நேரிலேயே வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். "தம்பி, எல்லாருக்கும் புது ஐடி வந்துடுச்சாம். எனக்கு மட்டும் பழையபடியே இருக்கு. நான் இன்னும் இந்தக் கம்பெனியிலதானே இருக்கேன்?" என்று கேட்டார். அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை. ஆட்குறைப்பு பற்றிப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு முகவரி வராமல் போனதை அவர் வேறு விதமாகப் படித்துவிட்டார்.

அந்த நாற்பது பேரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். ஏன் வரவில்லை, எப்படிக் கண்டுபிடித்தேன், அதற்குள் என்னென்ன தவறான கதவுகளைத் தட்டினேன் என்பதைச் சொன்னால், நாளைக்கு உங்களுக்கும் இப்படியொரு திங்கட்கிழமை வரும்போது பயன்படும்.

மெயில் ஐடி என்று நாம் சொல்வது சர்வருக்குள் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். எங்களிடம் அப்போது இருந்தது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2003. அதில் மடல்கள் ஓரிடத்தில் இருக்கும், முகவரி வேறிடத்தில் இருக்கும். ஆக்டிவ் டைரக்டரி என்பது பணியாளர்களின் பேரேடு. அதில் ஒவ்வொருவர் பக்கத்திலும் 'ப்ராக்ஸி அட்ரஸஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. முகவரிகள் அதில் வரிவரியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எஸ்.எம்.டி.பி. என்ற நான்கெழுத்து. அந்த நான்கும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால் அது முதன்மை முகவரி. அவர் அனுப்பும் மடல் அந்தப் பெயரில் போகும். சின்ன எழுத்தில் இருந்தால் துணை முகவரி. அதற்கு வரும் மடலும் அதே பெட்டியில் விழும், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் கட்டத்துக்குள் நேராகக் கைவைத்து, முதன்மை முகவரியே இல்லாமல் ஒருவரை நிறுத்திவிட்டவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள்.

அந்தக் கட்டத்தை நிரப்புவது ஒரு விதி. எக்ஸ்சேஞ்ச் 2000-லும் 2003-லும் அதற்கு ரெசிபியன்ட் பாலிசி என்று பெயர். விதி என்பது ஓர் அச்சு மாதிரி. விழுக்காட்டுக் குறியோடு ஜி என்ற எழுத்து வந்தால் அங்கே முதற்பெயரைப் போடு. எஸ் வந்தால் குடும்பப்பெயரைப் போடு. ஐ வந்தால் இனிஷியல். எம் வந்தால் அலியாஸ். நடுவில் புள்ளி வைத்தால் புள்ளி. ஜி-க்கு முன்னால் 1 என்று எழுதினால் முதற்பெயரில் முதல் எழுத்து மட்டும். பலர் பயன்படுத்தும் மாதிரி, ஜி, புள்ளி, எஸ், பிறகு டொமைன். எங்கள் நிறுவனத்திலும் அதுதான்.

விதியை எழுதி வைப்பதோடு வேலை முடியாது. அதை எடுத்துப் போய் ஒவ்வொருவர் பக்கத்திலும் எழுத ஓர் ஆள் வேண்டும். 2003-ல் அந்த ஆளின் பெயர் ரெசிபியன்ட் அப்டேட் சர்வீஸ். டொமைனுக்கு ஒன்று என்ற கணக்கில் பின்னணியில் ஓடிக்கொண்டேயிருக்கும். பேரேட்டில் புதிதாக யார் வந்திருக்கிறார்கள், யார் பக்கம் மாறியிருக்கிறது என்று பார்த்து முகவரியை எழுதும். பேரேட்டின் நகல்கள் பல டொமைன் கண்ட்ரோலர்களில் இருக்கும் அல்லவா? இந்தச் சர்வீஸ் அவற்றில் குறிப்பிட்ட ஒன்றை மட்டுமே பார்த்து வேலை செய்யும். எதைப் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்லி வைக்க வேண்டும்.

இதை அறிந்தவன் என்பதால் நான் நேராக அங்கேதான் ஓடினேன். பழைய டொமைன் கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியிருப்பார்கள். சர்வீஸ் இன்னும் பழையதையே தேடிக்கொண்டிருக்கும். அதனால் யாருக்குமே முகவரி வராது. அந்தக் காலத்தில் அட்மின்கள் அடிக்கடி பார்த்த பழுது இது. ஆனால் எங்களிடம் சர்வீஸ் சரியான கண்ட்ரோலரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஈவென்ட் லாகில் எம்எஸ்எக்ஸ்சேஞ்ச்ஏஎல் என்ற பெயரில் அதன் குறிப்புகள் விழும். பதிவின் அளவைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

அரை நாள் இதில் போயிற்று. முதல் ஐந்து நிமிடத்திலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றை நான் செய்யவில்லை. ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி, அதற்கு முகவரி வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். வந்தால் சர்வீஸ் உயிரோடு இருக்கிறது, அதை மறந்துவிடலாம். 'யாருக்கும் வரவில்லை', 'சிலருக்கு வரவில்லை', 'தாமதமாக வருகிறது' ஆகிய மூன்றும் மூன்று வேறு நோய்கள். போனில் கேட்கும்போது மூன்றும் "ஐடி வரல சார்" என்று ஒரே மாதிரிதான் ஒலிக்கும். எது என்று பிரித்தறியாமல் மருந்து தேடினால் என்னைப்போல் அரை நாள் போகும்.

தாமதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு கண்ட்ரோலர், கோவைக் கிளையில் ஒன்று என்று இருந்தால், இங்கே எழுதியது அங்கே போய்ச் சேர நேரம் பிடிக்கும். ஒரே தளத்துக்குள் என்றால் சில விநாடிகள். இரண்டு தளங்களுக்கு நடுவே நாம் ஒன்றும் மாற்றாமல் விட்டால் 180 நிமிடம். அட்டவணையில் குறைத்து வைத்தால் 15 நிமிடம் வரை கொண்டு வரலாம். மூன்று மணி நேரம் காத்திருந்தால் தானே சரியாகிவிடும் பழுதைத் தேடி ஒரு பகல் முழுக்க அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

நம்முடையது 'சிலருக்கு வரவில்லை'. சிலருக்கு வரவில்லை என்றால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அந்தச் சிலருக்குள் பொதுவாக இருப்பது என்ன?

முதலில் விதியின் வலையைப் பார்த்தேன். ஒவ்வொரு பாலிசிக்கும் யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்ற வடிகட்டி உண்டு. பாலிசிகளுக்குள் முன்னுரிமையும் உண்டு. ஒருவரைப் பல பாலிசிகள் பிடிக்கலாம். ஆனால் முன்னுரிமையில் முதலில் நிற்பது மட்டுமே அவர்மேல் செல்லும். மற்றவை அவரைத் தொடாது. மேலே இருக்கும் பாலிசி மேலதிகாரிகளுக்கு என்று யாரோ எப்போதோ போட்டு வைத்திருப்பார்கள். அது பாதி அலுவலகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். கீழே நீங்கள் எழுதிய அழகான விதி சும்மா கிடக்கும். எங்களிடம் அப்படி இல்லை.

அடுத்தது உரிமை. டொமைன் அட்மின் போன்ற காப்புக் குழுக்களில் இருப்பவர்களின் கணக்குகளை ஆக்டிவ் டைரக்டரி தனியாகக் காவல் காக்கும். 60 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு காவல் வேலை ஓடி, அந்தக் கணக்குகளுக்கு மேலிருந்து வரும் அனுமதிகளைத் துண்டித்துவிடும். எக்ஸ்சேஞ்சுக்கு எழுத அனுமதி இல்லாமல் போகும். நீங்கள் அனுமதியைக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது மறுபடியும் பறிபோயிருக்கும். ஒருமுறை குழுவில் இருந்து விலகியவருக்கும் அந்த முத்திரை தானாக அழியாது. நாற்பது பேரில் இரண்டு பேர் இந்த வகை. மீதிப் பேருக்கு இது காரணமில்லை.

செவ்வாய்க்கிழமை மாலைதான் விஷயம் கண்ணில் பட்டது. ஒவ்வொருவர் கணக்கிலும் முகவரிப் பக்கத்தின் அடியில் ஒரு சிறு கட்டம் இருக்கும்: பாலிசிப்படி முகவரிகளைத் தானாகப் புதுப்பிக்கவும். இயல்பாக அதில் டிக் இருக்கும். நான் திறந்திருந்த கணக்கில் டிக் இல்லை. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. டிக்கை எடுத்தால் பேரேட்டில் 'விலக்கப்பட்ட பாலிசிகள்' என்ற கட்டத்தில் 26491 என்று தொடங்கும் ஒரு நீளமான அடையாளக் குறி எழுதப்படும். எக்ஸ்சேஞ்ச் நிறுவிய எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதே குறிதான். அந்தக் குறி இருப்பவரைச் சர்வீஸ் தாண்டிப் போய்விடும். பிழையும் சொல்லாது, லாகிலும் புலம்பாது. நாம் சொன்னதை அது கேட்டு நடந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் குறியை வைத்துத் தேடினேன். மீதி இருந்த அத்தனை பேரும் பட்டியலாக வந்து நின்றார்கள்.

டிக்கை எடுத்தது யார்? நான்தான். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும்.

ஏன் எடுத்தோம் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான், இது சர்வர் சமாசாரம் என்ற என் எண்ணம் மாறியது. அந்தப் பட்டியலை இப்போதும் கண்ணுக்குள் காண்கிறேன். அநேகமாக எல்லோரும் தமிழ்ப் பெயர்க்காரர்கள். எல்லோருக்கும் முன்னால் ஓர் இனிஷியல். குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லாதவர்கள்.

நம் வீட்டுப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ச. கவிதா என்று ஒருவர். கவிதா என்பது அவர் பெயர். ச. என்பது அப்பா சண்முகத்தின் முதலெழுத்து. ரேஷன் கார்டிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் அப்படியே இருக்கும். எங்கள் எச்.ஆர். படிவத்தில் இரண்டு கட்டங்கள்: ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே விடாது. படிவத்தை நிரப்புபவர் என்ன செய்வார்? ஒருவர் லாஸ்ட் நேமில் எஸ் என்ற எழுத்தைப் போட்டார். ஒருவர் சண்முகம் என்று அப்பா பெயரைப் போட்டார். ஒருவர் கவிதா என்றே இரண்டு தடவை போட்டார். ஒருவர் ஒன்றும் தோன்றாமல் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனார். நால்வர் செய்ததும் அந்தப் படிவத்துக்கு முன்னால் நியாயமான காரியம்தான்.

விதி என்ன செய்யும்? அதற்குத் தெரிந்தது ஜி, புள்ளி, எஸ். சண்முகம் என்று போட்டவருக்கு முகவரி ஒழுங்காக வந்தது. ஆனால் வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து வந்த மடல்கள் எல்லாம் அவரைச் சண்முகம் என்று விளித்தன. அப்பா காலமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஒரு பெண், தினமும் பத்து மடலில் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டார். இரண்டு தடவை போட்டவருக்குக் கவிதா புள்ளி கவிதா என்று வந்தது. புள்ளி வைத்தவரின் கதை வேறு. அவர் கணக்கு ஒரு ஸ்கிரிப்ட் வழியாக உருவானது. அந்த ஸ்கிரிப்ட் முதற்பெயர், புள்ளி, பிறகு குடும்பப்பெயராகக் கிடைத்த புள்ளி என்று ஒட்டி, இரண்டு புள்ளிகளோடு ஒரு முகவரியைக் கட்டிவிட்டது.

மின்மடல் தரநிலைப்படி @ குறிக்கு இடப்பக்கம் புள்ளி வரலாம். ஆனால் முதலில் வரக்கூடாது, கடைசியில் வரக்கூடாது, இரண்டு புள்ளி அடுத்தடுத்து வரக்கூடாது. மேற்கோள் குறிக்குள் போட்டால் மட்டுமே அதற்கு விலக்கு. ஜப்பானில் சில கைபேசி நிறுவனங்கள் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட முகவரிகளை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தன. உள்ளுக்குள் ஓடியது, வெளியில் தரநிலையைக் கடைப்பிடித்த சர்வர்கள் ஏற்க மறுத்தன. எங்கள் அலுவலகத்திலும் அதேதான் நடந்தது. அலுவலகத்துக்குள் அவருக்கு மடல் போய்வந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து சில இடங்களிலிருந்து வரும், சில இடங்களிலிருந்து வராது. பாதி வேலை செய்யும் முகவரியைவிட, வேலையே செய்யாத முகவரி எவ்வளவோ மேல்.

இவர்கள் எல்லோரும் அவ்வப்போது வந்து சொல்லியிருக்கிறார்கள். "சார், என் பேர் தப்பா வருது." நானும் முன்னிருந்தவரும் என்ன செய்தோம்? கணக்கைத் திறந்து, கையால் சரியான முகவரியைத் தட்டி, டிக்கை எடுத்துவிட்டோம். எடுக்காவிட்டால் பாலிசி அடுத்த முறை ஓடும்போது தன் முகவரியையே முதன்மையாக்கிவிடும் என்று பயம். இரண்டு நிமிட வேலை. அவர்களும் "தேங்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் அவரை விதிக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். பிறகு எல்லோருக்கும் நல்லது நடக்கும் நாளில், அவர் பெயர் அதில் இருக்காது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதற்பெயர், புள்ளி, குடும்பப்பெயர் என்ற இந்த மாதிரி எந்தத் தரநிலையிலும் இல்லை. 1971-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கணினிகளுக்கு நடுவே முதல் வலைப்பின்னல் மடலை அனுப்பியபோது, @ குறிக்கு இடப்பக்கம் இருந்தது கணினியில் நுழையும் பெயர், வலப்பக்கம் கணினியின் பெயர். 2008-ஆம் ஆண்டின் மின்மடல் தரநிலையான ஆர்.எஃப்.சி. 5321 என்ன சொல்கிறது? இடப்பக்கத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை வலப்பக்க டொமைனுக்கு மட்டுமே உண்டு. வழியில் இருக்கும் எந்தச் சர்வரும் அதைப் பிரித்துப் பார்த்துப் பொருள் கொள்ளக்கூடாது. 64 எண்மத்துக்குள், அதாவது 64 பைட்டுக்குள் இருக்க வேண்டும், புள்ளி ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது போன்ற வரம்புகள்தாம் வெளியிலிருந்து வருபவை. மற்றதெல்லாம் நம் வீட்டு விவகாரம். ச. கவிதாவை ச. கவிதா என்றே எழுத உலகத்தில் எந்தச் சர்வரும் நம்மைத் தடுக்கவில்லை.

இது நமக்கு மட்டும் வந்த தொல்லையும் இல்லை. இந்தோனேசியாவின் முதல் இரண்டு குடியரசுத் தலைவர்களான சுகர்ணோ, சுஹார்த்தோ இருவருக்கும் ஒற்றைச் சொல் பெயர். 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச் செயலராக இருந்த பர்மியர் ஊ தாண்டின் பெயரில் ஊ என்பது மரியாதைச் சொல். பெயர் ஒரே சொல்தான். ஐஸ்லாந்தில் நம்மைப்போலவே பெரும்பாலும் அப்பா பெயரைக் கொண்டுதான் பின்பெயர். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். நம்மவர்கள் இதன் கசப்பை அமெரிக்க விசாவில் அனுபவித்திருப்பார்கள். பாஸ்போர்ட்டில் பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில் இருந்தால், விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சிட்டுவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்த விசாவை வைத்து அங்கே வேலையில் சேர்ந்தால், படிவத்தில் அந்த மூன்றெழுத்தே முதற்பெயராக ஏறிவிடும். அதை எடுத்து விதி முகவரி செய்யும். நல்ல பெயர் வைத்த தாய்தகப்பன் இருக்க, பிள்ளைக்கு 'தெரியவில்லை' என்று பெயர்.

நீளமும் ஒரு சிக்கல். ஆக்டிவ் டைரக்டரியில் பழைய முறை லாகின் பெயருக்கு 20 எழுத்துதான் இடம். மீனாட்சிசுந்தரம் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 17 எழுத்து. ஒரு புள்ளியும் மூன்று இனிஷியலும் சேர்ந்தால் 21. கடைசி எழுத்து வெட்டுப்படும். பல அலுவலகங்களில் அலியாஸ் அந்த லாகின் பெயரிலிருந்துதான் எடுக்கப்படும்; அலியாஸை வைத்து முகவரி செய்தால் அங்கேயும் வெட்டு. எழுத்து குறைந்த முகவரியைப் பார்த்துப் பாலிசியைத் தேடாதீர்கள். லாகின் பெயரை எண்ணிப் பாருங்கள்.

பிறகு, ஒரே பெயர். நம் ஊரில் ஓர் அலுவலகத்தில் செந்தில்குமார் எத்தனை பேர் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். விதி ஒரு முகவரியைச் செய்யும், அது ஏற்கெனவே இருந்தால் பின்னால் 2 போடும், அடுத்தவருக்கு 3. சர்வரைப் பொறுத்தவரை சிக்கல் தீர்ந்தது. ஆனால் மடல் எழுதுகிறவர் முதல் மூன்றெழுத்தைத் தட்டியதும் வரிசையில் முதலில் வரும் செந்தில்குமாரைத் தேர்ந்தெடுத்துவிடுவார். நாலாம் செந்தில்குமாரின் சம்பள உயர்வுக் கடிதம் முதலாம் செந்தில்குமாருக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். முதலாமவர் கண்ணியமானவர், திறந்ததும் மூடிவிட்டு எனக்குப் போன் செய்தார். எண்ணுக்குப் பதில் இனிஷியலைச் சேர்த்திருந்தால், செ. செந்தில்குமார், மு. செந்தில்குமார் என்று பார்த்ததும் தெரியும். இனிஷியல் என்பதே ஒரு வகுப்பில் இருக்கும் ஐந்து செந்தில்குமார்களைப் பிரித்தறிய நம் பள்ளிக்கூடங்கள் பல தலைமுறையாகப் பயன்படுத்தும் கருவி. கையில் இருப்பதை விட்டுவிட்டு 2, 3 என்று ஒட்டுகிறோம்.

இதைவிட ஆபத்தானது, போனவர் முகவரி புதியவருக்கு வருவது. ஒரு செந்தில்குமார் வேலையை விட்டுப் போகிறார். கணக்கை அழித்துவிடுகிறார்கள். எண் இல்லாத அந்த முகவரி காலியாகிறது. அடுத்த மாதம் வேறொரு செந்தில்குமார் சேர்கிறார். விதி பார்க்கும், காலியாக இருக்கிறது, கொடுத்துவிடும். போனவருடைய வங்கி அறிவிப்பும், மருத்துவமனை மடலும், பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பும் புதியவர் பெட்டியில் விழும். 2013-ல் யாஹூ நிறுவனம் நெடுநாள் பயன்படாத பெயர்களை மற்றவர்களுக்குக் கொடுத்தபோது இதே சிக்கல் உலக அளவில் எழுந்தது. மறு ஆண்டு, இந்த முகவரி இன்ன தேதியிலிருந்து ஒரே ஆளிடம் இருந்தால் மட்டும் மடலைக் கொடு என்று கேட்பதற்காகவே ஆர்.எஃப்.சி. 7293 என்று ஒரு தனித் தரநிலை எழுத வேண்டியதாயிற்று. உங்கள் அலுவலகத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். போனவரின் முகவரியை அழிக்காமல், யாருக்கும் கிடைக்காதபடி ஒரு கணக்கில் துணை முகவரியாகப் பூட்டி வையுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் 2007 வந்தபோது பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சர்வீஸையே எடுத்துவிட்டார்கள். கணக்கை எக்ஸ்சேஞ்ச் கருவி வழியாக உருவாக்கும்போதோ மாற்றும்போதோ அந்தக் கணத்திலேயே முகவரி எழுதப்படும். காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வசதியோடு இரண்டு புதுப் பழுதுகளும் வந்தன. ஒன்று, ஸ்கிரிப்டோ வேறு கருவியோ நேராகப் பேரேட்டில் எழுதினால், முன்பு போல் பின்னால் வந்து முகவரி போட ஆள் கிடையாது. இன்னொன்று, பாலிசியை மாற்றினால் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அது தானாகப் போகாது. அப்டேட்-ஈமெயில்அட்ரஸ்பாலிசி என்ற கட்டளையை ஓட்ட வேண்டும். 2003-ல் பழகியவர்கள் மறுநாள் காலை வரை காத்திருந்து ஏமாந்தார்கள். கிளவுட் என்ற மேகத்துக்குப் போன பிறகு நிலைமை இன்னும் மாறிவிட்டது. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இந்தப் பாலிசி குழுக்களுக்கு மட்டும்தான், ஆட்களுக்குக் கிடையாது. உள்ளே நுழையும் பெயரை யார் தட்டுகிறார்களோ அவர் கையில் முகவரி. அலுவலகப் பேரேட்டிலிருந்து மேலே ஒத்திசைக்கும் அமைப்பு இருந்தால், பொதுவாக மேகத்தில் போய்த் திருத்த முடியாது. கீழே மூலத்தில் திருத்த வேண்டும், மேலே மாறும்.

தமிழ் எழுத்திலேயே முகவரி கேட்டு ஒருநாள் உங்களிடம் ஆட்கள் வருவார்கள். 2012-ல் வந்த ஆர்.எஃப்.சி. 6531 @ குறிக்கு இடப்பக்கமும் தமிழ் எழுத அனுமதிக்கிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் தமிழில் டொமைன் முடிவுகள் இருக்கின்றன. முகவரியைத் தானாக உருவாக்குகிறவர் அப்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, அந்த 64 என்பது எழுத்துக் கணக்கு இல்லை, எண்மக் கணக்கு. தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று எண்மம் எடுக்கும். மெய்யெழுத்தின் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். மீனாட்சிசுந்தரம் 48 எண்மம். கூட ஒரு புள்ளியும் கோவிந்தசாமி என்ற அப்பா பெயரும் சேர்ந்தால் 82. தாண்டிவிட்டது. இரண்டாவது, 'கோ' என்ற எழுத்து. க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றாக இருக்கலாம்; ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தும் அதே 'கோ' தெரியலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் முகவரி செய்ய வேண்டும். இல்லையென்றால் ஒரே கோவிந்தசாமிக்கு இரண்டு முகவரி இருக்கும். இரண்டில் ஒன்று மட்டும் வேலை செய்யும். எது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

நாற்பது பேர் விஷயத்துக்கு வருகிறேன். டிக்கைத் திரும்பப் போட்டால் போதும் என்று முதலில் தோன்றியது. போட்டிருந்தால் பெரிய தப்பாகியிருக்கும். கவிதா புள்ளி கவிதா மறுபடி முதன்மை முகவரியாக வந்து உட்கார்ந்திருக்கும், அதுவும் புது டொமைனில். பட்டியலை அச்செடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் இடத்துக்கும் போனேன். "உங்கள் பெயர் எப்படி வரணும்?" என்று கேட்டேன். மூன்று நாள் ஆயிற்று. பலர் இனிஷியல் முன்னால் வேண்டும் என்றார்கள். சிலர் பின்னால் என்றார்கள். அப்பா பெயரே முழுதாக வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அது அப்படியே லாஸ்ட் நேம் கட்டத்தில் இருந்தது, விட்டுவிட்டேன். அந்தக் கணக்குப் பிரிவு மூத்தவர் ஒரு காகிதத்தில் தன் கையெழுத்தையே போட்டுக் காட்டி, "இதுல இருக்கற மாதிரி, தம்பி" என்றார்.

பேரேட்டில் லாஸ்ட் நேம் கட்டத்தில் இருந்த புள்ளிகளையும் இரட்டைப் பெயர்களையும் அழித்துக் காலியாக்கினேன். இனிஷியலை அதற்கென்றே இருக்கும் இனிஷியல்ஸ் கட்டத்தில் போட்டேன். ஆறு எழுத்து வரை அது தாங்கும். பிறகு முன்னுரிமையில் முதலாவதாக ஒரு புதுப் பாலிசி எழுதினேன். அதன் வடிகட்டி, குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள். அதன் மாதிரி, ஐ, புள்ளி, ஜி. இனிஷியல் பின்னால் கேட்டவர்களுக்கு இன்னொன்று. பழைய முகவரிகள் எல்லாம் சின்ன எழுத்தில் துணையாக அப்படியே இருந்தன. எவருடைய பழைய மடலும் திரும்பிப் போகவில்லை. அதன் பிறகுதான் டிக்குகளைப் போட்டேன். ஒன்றைப் போட்டு, முகவரி வருவதைப் பார்த்துவிட்டு, அடுத்ததை.

எச்.ஆரில் போய்ப் பேசினேன். லாஸ்ட் நேம் கட்டாயம் என்பதை எடுக்க அவர்கள் முதலில் தயங்கினார்கள். சம்பள மென்பொருள் கேட்கும் என்றார்கள். போய்ப் பார்த்தால் அது கேட்கவில்லை. யாரோ படிவம் செய்தபோது போட்ட நட்சத்திரக் குறி, அவ்வளவுதான். எடுத்துவிட்டோம். அப்பா பெயருக்கும் இனிஷியலுக்கும் தனித்தனிக் கட்டம் வந்தது.

அடுத்த மாதம் முதல் தேதி ஏழு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் வேதாரண்யத்துக்காரர், பெயருக்கு முன்னால் ஓரெழுத்து இனிஷியல், லாஸ்ட் நேம் கட்டம் காலி. கணக்கை உருவாக்கிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துத் திறந்து பார்த்தேன். இனிஷியல், புள்ளி, பெயர் என்று முகவரி வந்திருந்தது. கீழே அந்தச் சின்னக் கட்டத்தில் டிக் இருந்தபடியே இருந்தது.